மஞ்சக் கொடிய அழகுக்கா ஆட்டுறாங்க?

போன ஞாயித்துக்கிழமை ரேஸ் ட்ராக்ல பைக் ஓட்டுற ட்ராக் டேக்கு போயிட்டு வந்தேன், வந்ததுல இருந்து மனசு ஒரு மாதிரியாவே இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல, வண்டிக்கும் ஒண்ணும் ஆகல, லேப் டைம் கூட போன தடவைய விட நல்லா தான் வந்துச்சு. ஆனா அதப் பத்தி எழுத வரல.

மூணாவது செஷன், மணி பதினொண்ணே முக்கால் இருக்கும், வெயில் மண்டைய பொளக்குது. எனக்கு முன்னாடி போன ஒரு பையன் ஒரு லெஃப்ட் கார்னர்ல முன் வீல் வழுக்கி லோ சைடு ஆயிட்டான், அதாவது சாஞ்ச பக்கமே விழுந்துட்டான். பெருசா ஒண்ணும் விழல, வண்டி ஒரு பக்கம் புல்லுக்குள்ள போச்சு, அவன் ஒரு பக்கம் சறுக்கிட்டு போயி எந்திரிச்சு உக்காந்துட்டான். ட்ராக் ஓரத்துல கொடியோட நிக்கிற மார்ஷல்கள்ல ரெண்டு பேர் ஓடுறாங்க, முன்னாடி போஸ்ட்ல ஆபத்து, முந்தாதன்னு மஞ்சக் கொடி ஆடுது. நான் த்ராட்டில விட்டு கைய தூக்கி காமிச்சுட்டு மெதுவா போறேன், எனக்கு உள்பக்கமா சர்ருனு ஒரு லிட்டர் பைக் (ஆயிரம் சிசி வண்டி), முட்டி தரையில தேயுது, ஹெல்மெட் தாடையில கேமரா, என்னையும் ஓவர்டேக் பண்ணி எனக்கு முன்னாடி இருந்தவனையும் ஓவர்டேக் பண்ணி, கார்னர விட்டு வெளிய வரும்போது அகலமா போயி அந்த வண்டிய தூக்கப் போன மார்ஷலுக்கு ஒரு ஆள் நீளம் கூட இல்லாத தூரத்துல பறந்து போறான். மார்ஷல் பின்னாடி தாவி விழுந்தாரு.

அதுக்கப்புறம் வண்டிங்கள நிறுத்துற பேடக்ல என்ன நடந்துச்சுங்கறது தான் எனக்கு தாங்கல. அந்த ஆளு லெதர் சூட்ட இடுப்பு வரைக்கும் இறக்கி விட்டுட்டு நாலு பேர சுத்தி நிக்க வெச்சு ஃபோன்ல அந்த வீடியோவ காமிச்சுட்டு இருக்கான். எல்லாரும் "செம்ம மச்சி" னு சிரிக்கிறாங்க. ட்ராக் டே நடத்துறவர்கிட்ட போயி சொன்னேன், அவரும் பாவம் நல்லா தான் பேசினாரு, "சொல்றேன் ப்ரோ, பாத்துக்கலாம் ப்ரோ" ன்னாரு. அடுத்த செஷன்ல அந்த லிட்டர் பைக் தான் ட்ராக்குக்குள்ள போற பிட் லேன்ல முதல் ஆளா நிக்குது.

எந்த ட்ராக், யாரு நடத்தினாங்கன்னு எழுதப் போறதில்ல. பேர சொன்னா சண்டை அந்தப் பேருக்கு மேல தான் நடக்கும், விஷயம் போயிடும். இதே கதைய வேற வேற ஊர்ல வேற வேற ஆளுங்க கிட்ட பாத்துருக்கேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ட்ராக் டேங்கறது ரேஸ் கிடையாது. காச கட்டினா நம்ம வண்டிய நம்மளே ரேஸ் ட்ராக்ல ஓட்டலாம், அவ்ளோ தான். நம்ம பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கு, 1990ல இருந்து ஓடுது, 3.7 கிலோமீட்டர், 12 கார்னர். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே, சின்ன ட்ராக், ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். வடக்க போனா நொய்டா பக்கம் புத் சர்க்யூட், அஞ்சு கிலோமீட்டருக்கு மேல. ஓட்டுறவங்கள அனுபவத்த வெச்சு ரெண்டு மூணு க்ரூப்பா பிரிச்சு பதினஞ்சு இருபது நிமிஷம் மாத்தி மாத்தி விடுவாங்க. கப்பு கிடையாது, பாயிண்ட் கிடையாது, ஸ்பான்சர் யாரும் உக்காந்து பாக்கறதும் கிடையாது. ஜெயிச்சா ஒண்ணுமே கிடைக்காத இடத்துல இவ்ளோ வெறி எங்கருந்து வருதுன்னு எனக்கு இன்னும் புரியல.

"ரோட்ல ஓட்டாத, ட்ராக்குக்கு போ, அது தான் சேஃப்" னு நானே நிறைய பேர்கிட்ட சொல்லிருக்கேன். பொய்யில்ல. ஈசிஆர்ல காத்தால அஞ்சு மணிக்கு ரேஸ் விடுற பசங்களுக்கு அது நூறு சதவீதம் சரியான பேச்சு. ட்ராக்ல எதிர்ல லாரி வராது, மாடு படுத்துருக்காது, ராங் சைடுல ஷேர் ஆட்டோ வராது, நடுவுல மீடியன் கல்லு கிடையாது. நல்ல லெதர் சூட்டு, நல்ல ஹெல்மெட், முதுகுக்கு ப்ரொடெக்டர் இருந்து தனியா விழுந்தா, பெரும்பாலும் சறுக்கிட்டே போயி வேகம் குறைஞ்சு நின்னுடுவோம், எந்திரிச்சு மண்ண தட்டிக்கலாம், அதிகபட்சம் காலர் எலும்பு உடையும். தனியா விழுந்தா. அந்த ஒரு வார்த்தைய தான் நாங்க சொல்லாம விட்டுடறோம்.

பைக் ரேஸ் பாக்குறவங்களுக்கு இந்த ரேஸர்கள ஞாபகம் இருக்கும். 2010ல மிசானோல டொமிசாவா, 2011ல செபாங்ல சிமான்செல்லி, 2021ல முஜெல்லோல டுபாஸ்கியர், அதே வருஷம் ஹெரெஸ்ல 15 வயசு டீன் பெர்ட்டா வின்யாலெஸ். நாலு பேரையும் கொன்னது விழுந்தது இல்ல, விழுந்தப்புறம் பின்னாடி வந்த வண்டி மேல ஏறினது. அதுவும் உலகத்துலயே நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க, ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி வேகம், ஒரே லைன், பின்னாடி வந்தவங்க மேல ஒரு தப்பும் கிடையாது, ஒதுங்க நேரமே இல்ல. அவங்களுக்கே அந்த கதின்னா, ஐடி கம்பெனில அஞ்சு நாள் உக்காந்துட்டு ஞாயித்துக்கிழமை காலைல சூட் மாட்டிக்கிட்டு வர்ற நாம எந்த மூலைக்கு.

நம்ம ட்ராக் டேல நிலைமை இன்னும் மோசம். ஒரே செஷன்ல ஆர்15 இருக்கும், ஆர்சி 390 இருக்கும், அப்பாச்சி இருக்கும், ஆயிரம் சிசி நாலு சிலிண்டரும் இருக்கும். ஸ்ட்ரெயிட்ல பெரிய வண்டி பிச்சுக்கிட்டு போகும், கார்னர்ல அதே ஆளு பயந்து ப்ரேக் புடிச்சு நிப்பாட்டுவான், சின்ன வண்டிக்காரன் அங்க அவன புடிச்சுடுவான். ஒருத்தன் 90ல போறான், பின்னாடி ஒருத்தன் 150ல வர்றான்னு வைங்க, ஒவ்வொரு செகண்டுக்கும் பதினாறு பதினேழு மீட்டர் நெருங்குறான், முன்னாடி இருக்குறவன் கண்ணாடியையும் கழட்டி வெச்சுட்டான் (ட்ராக்ல கழட்டித் தான் ஆகணும், இல்லன்னா டேப் ஒட்டணும்), பின்னாடி ஒருத்தன் வர்றதே அவனுக்கு தெரியாது.

அதனால தான் காலைல ரூல் சொல்ற ப்ரீஃபிங்ல கத்தி கத்தி சொல்வாங்க, முந்துறவன் தான் பொறுப்பு, முன்னாடி போறவன் அவன் போற லைன்லயே (பாதையிலயே) போகணும்னு. இது நம்ம ஆளுங்களுக்கு புரியவே புரியாது, ஏன்னா நம்ம ரோட்டு பழக்கம் நேர் எதிர். ரோட்ல பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சா நாம ஒதுங்கணும், ஒதுங்கலன்னா மரியாதை தெரியாதவன். அந்த பழக்கத்துல ட்ராக்லயும் புதுசா வர்றவன் பின்னாடி எக்ஸாஸ்ட் சத்தம் கேட்டதும் "பாவம் வேகமா வர்றாரு, வழி விடலாம்" னு டக்குனு ஒரு பக்கமா ஒதுங்குவான் பாருங்க, கரெக்டா அந்த பக்கம் தான் பின்னாடி வர்றவன் முந்தலாம்னு முடிவு பண்ணிருப்பான். மரியாதை பண்ணப் போயி ரெண்டு பேரும் தரையில. மெதுவா போறது தப்பே இல்ல, எவ்ளோ மெதுவா வேணா போங்க, ஆனா நேத்து போன மாதிரியே இன்னைக்கும் போங்க, பின்னாடி வர்றவனுக்கு நீங்க அடுத்து எங்க இருப்பீங்கன்னு தெரியணும்.

க்ரூப் விஷயத்துல இன்னொரு கூத்து. ஃபார்ம்ல "உங்க அனுபவம் என்ன" னு கேக்குற இடத்துல எவனும் உண்மை எழுதறதில்ல. ஒரு வகை, நாலு தடவ ட்ராக் பாத்தவன் வேணும்னே புதுசா வர்றவங்களோட நாவிஸ் க்ரூப்புல பேர் குடுப்பான், அங்க தான் எல்லாரையும் முந்தி ஹீரோ ஆகலாம். இன்னொரு வகை, முதல் தடவ வர்றவன், லட்சக்கணக்குல வண்டி வாங்கிட்டோமே நாவிஸ்ல நின்னா நண்பர்கள் சிரிப்பாங்களேன்னு அட்வான்ஸ்டு க்ரூப்புல போயி நிப்பான். ரெண்டுல முதல் வகை மேல தான் எனக்கு கோவம் அதிகம். ரெண்டாவது ஆளு தெரியாம பண்றான், முதல் ஆளு தெரிஞ்சே பண்றான்.

நானும் யோக்கியன் கிடையாது, அதையும் எழுதிடறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, எனக்கு அது ரெண்டாவது ட்ராக் டே. ஒரு கார்னர்ல ப்ரேக் லேட்டா புடிச்சு நேரா புல்லுக்குள்ள போயிட்டேன். விழல, எப்படியோ வண்டிய நிமுத்தி வெச்சுட்டேன், அந்த சந்தோஷம் ஒரு பக்கம், எல்லாரும் பாத்துருப்பாங்களேங்கற அவமானம் ஒரு பக்கம், சீக்கிரம் உள்ள போயிடணும்னு புல்லுல இருந்தே குறுக்கா நேரா எல்லாரும் வேகமா வர்ற ரேசிங் லைன்லயே ஏறிட்டேன். திரும்பிப் பாக்கல. ஓரமா கொஞ்ச தூரம் போயி, வேகம் எடுத்து, மார்ஷல் கைய காமிச்சதும் மெதுவா கலக்கணும்னு காலைல தான் சொல்லிருந்தாங்க. ஏதோ ஒண்ணு என் பின் வீல ஒட்டி விசில் அடிச்சுட்டு போச்சு, அவ்ளோ தான் எனக்கு தெரிஞ்சது.

செஷன் முடிஞ்சு மதியம் சாப்பாட்டு வரிசையில அந்த போஸ்ட்ல நின்ன மார்ஷல் என்ன தேடி வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும், பக்கத்து ஊர்க்காரரு.

"தம்பி, அந்த நீல வண்டி நீ தானே?"

"ஆமாண்ணா, சாரிண்ணா, ப்ரேக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"அத விடு. உள்ள வந்தியே, பின்னாடி யாரு வந்தான்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"எனக்கு தெரியும். பச்சை வண்டி. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

வேற ஒண்ணும் சொல்லல அவரு, தட்ட எடுத்துக்கிட்டு போயிட்டாரு. அந்த பச்சை வண்டிக்காரர் யாருன்னு தேடி போயி மன்னிப்பு கேட்டேன், அவரும் சின்ன பையன் தான், கல்யாணம் ஆகி ஆறு மாசம்னு சொன்னாரு. அன்னைக்கு சோறு இறங்கல.

அதுல இருந்து மார்ஷல்கள கவனிக்க ஆரம்பிச்சேன். நமக்கு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்தா ஃபேன் போட்டு உக்கார பிட் கேரேஜ் இருக்கு, அவங்களுக்கு காலைல எட்டுல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த டயர் அடுக்குக்கு பின்னாடி ஒரு துண்டு நிழல், ஒரு பாட்டில் தண்ணி, கையில கொடிங்க. அந்த கொடிங்க தான் ட்ராக்ல இருக்குற ஒரே பாஷை. மஞ்சள்னா முன்னாடி ஆபத்து, முந்தக் கூடாது. செகப்புன்னா செஷன் நிறுத்தியாச்சு, மெதுவா பிட்டுக்கு வா. செகப்பும் மஞ்சளும் பட்டை பட்டையா இருந்தா ரோடு வழுக்குது, ஆயிலோ தண்ணியோ கொட்டிருக்கு. நீலம்னா உன்ன விட வேகமா ஒருத்தன் பின்னாடி. கறுப்பு காமிச்சு உன்ன கை நீட்டினா நீ ஏதோ பண்ணிருக்க, இல்ல உன் வண்டில ஏதோ ஒழுகுது, உள்ள வா. இது மனப்பாடம் பண்ண ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஆனா ப்ரீஃபிங் நடக்கும்போது பாதி பேரு டயர் வார்மர் கிட்ட செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க, மீதி பாதில பாதி பேரு "இதெல்லாம் தெரியும் ப்ரோ".

மஞ்சக் கொடியில முந்தினா அன்னைக்கு வீட்டுக்கு. பேச்சே இல்ல, காசும் திருப்பி தரக்கூடாது. இப்படி ஒரு ரூல பேப்பர்ல எல்லாரும் வெச்சுருக்காங்க, அத செஞ்சு நான் பாத்தது ரெண்டே ரெண்டு தடவ தான். ஒருத்தர அனுப்பிட்டா அடுத்த தடவ அவரும் அவர் கூட வர்ற எட்டு பேரும் வேற ஆளுங்க கிட்ட போயிடுவாங்கங்கறது தான் கணக்கு, எனக்கும் புரியுது. ட்ராக் வாடகை, ஆம்புலன்ஸ், மார்ஷல் சம்பளம் எல்லாம் தலைக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணி தான் குடுக்கணும். புரியுதுங்கறதுக்காக ஒத்துக்க முடியாதுல்ல.

ட்ராக்குக்குள்ள விடறதுக்கு முன்னாடி வண்டிய சோதிக்கிற ஸ்க்ரூட்டினி இன்னொரு காமெடி. ஒழுங்கா பண்றவங்க இருக்காங்க, வீல் பேரிங் ஆட்டிப் பாப்பாங்க, செயின் தளர்வு, ப்ரேக் பேட், த்ராட்டில விட்டா தானா திரும்புதா, எஞ்சின் ஆயில் ட்ரெயின் போல்ட்டு டைட்டா, எல்லாம் பாப்பாங்க. நான் போன ஒரு இடத்துல ப்ரேக் லீவர ஒரு தடவ அமுக்கிட்டு ஸ்டிக்கர் ஒட்டி விட்டாங்க. அன்னைக்கே ரெண்டாவது செஷன்ல ஒரு வண்டில எஞ்சின் சூட்ட தணிக்கிற கூலன்ட் போற ஹோஸ் கழண்டு கார்னர் பூரா கொட்டிட்டு போச்சு, பின்னாடி வந்த மூணு பேர் வரிசையா விழுந்தாங்க. ரோட்டு வண்டில ஊத்துற கலர் கூலன்ட்ல க்ளைகால்னு ஒரு கெமிக்கல் இருக்கும், அது தரையில பட்டா எண்ணெய் மாதிரி, தண்ணி மாதிரி சீக்கிரம் காயவும் காயாது. அதனால தான் ரேஸ்ல வெறும் தண்ணி தான் ஊத்தச் சொல்வாங்க. முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் செலவு பண்ணி கூலன்ட்ட மாத்திட்டு போங்க. உங்களுக்காக இல்ல, உங்க பின்னாடி வர்ற எனக்காக.

ஆம்புலன்ஸ் பத்தியும் சொல்லணும். ஒரே ஒரு வண்டி நிக்குது, அது ஒருத்தர ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போயிடுச்சுன்னா அது திரும்பி வர்ற வரைக்கும் ட்ராக்க மூடிடணும். மூடினா போதும், நம்ம ஆளுங்க ஆரம்பிச்சுடுவாங்க, "எங்க செஷன் போச்சு, காசு கட்டிருக்கோம், இன்னும் எவ்ளோ நேரம்". போன வருஷம் நாப்பது நிமிஷம் அப்படி நின்னோம், அதுக்கு நடத்துறவங்கள திட்டாத ஆளே இல்ல. நல்லது பண்ணா திட்டுறோம், தப்பு பண்ணா செம்ம மச்சிங்கறோம், அப்புறம் அவங்க எதப் பண்ணுவாங்க? இன்சூரன்ஸ் வேற இருக்கு, எடுத்துப் படிங்க, வண்டி பாலிசில ரேஸிங், ஸ்பீடு டெஸ்டிங்குக்கு எல்லாம் கவர் இல்லன்னு தெளிவா போட்டுருக்கும். காலைல தூக்கக் கலக்கத்துல கையெழுத்து போடுற அந்த பேப்பர்லயும் செத்தா நாங்க பொறுப்பில்லன்னு தான் இருக்கும். ஆக எவனோ ஒருத்தன் வீடியோவுக்காக வந்து இடிச்சா, வண்டி செலவும் என்னுது, ஆஸ்பத்திரி செலவும் பெரும்பாலும் என்னுது.

வெயில விட்டுட்டேன். 2023 செப்டம்பர்ல புத் சர்க்யூட்ல மோட்டோஜிபி (உலக பைக் ரேஸ்) நடந்துச்சே, வெயில் சூட்டுக்காக 24 லேப்ப 21ஆ குறைச்சாங்க, ரெண்டாவது வந்த ஹோர்ஹே மார்ட்டின் முடிச்சதும் உடம்புல தண்ணி வத்தி நிக்க முடியாம உக்காந்துட்டாரு. உலகத்துலயே ஃபிட்டான ஆளுங்கள்ல ஒருத்தர். நம்ம ஆளு காலைல ரெண்டு இட்லி, ஒரு காபி, மதியம் பிரியாணி, நாலு மணிக்கு கடைசி செஷன், "காசு வேஸ்ட் ஆகக் கூடாது". கடைசி செஷன்ல தான் நிறைய பேர் விழுவாங்க, நான் பாத்த வரைக்கும். கை செத்துருக்கும், கண்ணு மந்தமாயிருக்கும், மூளை மட்டும் காலைல போட்ட டைம விட வேகமா போகணும்னு சொல்லும். நான் இப்பல்லாம் கடைசி செஷன் போறதில்ல, இளநி குடிச்சுட்டு வண்டிய ஏத்த ஆரம்பிச்சுடுவேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

இன்னொண்ணு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். 2023 ஆகஸ்ட்ல இருங்காட்டுக்கோட்டைல நேஷனல் சாம்பியன்ஷிப் ரேஸ்ல பெங்களூர் பையன் ஒருத்தன் விழுந்து இறந்துட்டான், 13 வயசு. அந்த வாரம் மீதி ரேஸெல்லாம் ரத்து பண்ணாங்க. அது முறையா நடந்த ரேஸ், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் இருந்த இடம், அதையும் இதையும் ஒண்ணா சேத்து பேசக்கூடாது. ஐரோப்பாலயும் 2021 சாவுகளுக்கு அப்புறம் தான் உலக சாம்பியன்ஷிப்புக்கு குறைஞ்ச வயச 18ஆ ஏத்துறோம்னாங்க. ஆனா அந்த செய்திய படிச்சதுல இருந்து, ட்ராக் டேல ஒரு அப்பா தன் பையன பெரியவங்க ஓட்டுற செஷன்ல, ஆயிரம் சிசி வண்டிங்களுக்கு நடுவுல இறக்கி விட்டுட்டு பிட் சுவத்துல ஸ்டாப் வாட்ச்சோட நிக்கிறத பாத்தா எனக்கு கை நடுங்குது. பையன் நல்லா தான் ஓட்டுறான், அது இல்ல பிரச்சன. அவன் பின்னாடி வர்றவன் யாரு? தாடையில கேமரா மாட்டிக்கிட்டு வர்றவனா?

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். விழுந்த பையனுக்கு கட்டை விரல் லேசா வீங்கிருக்கு, வேற ஒண்ணும் இல்ல, நேத்து மெசேஜ் போட்டான், க்ளட்ச் லீவர் எங்கண்ணா விலை கம்மியா கிடைக்கும்னு. நடத்துறவருக்கு திங்கக்கிழமை ஃபோன் பண்ணி அந்த லிட்டர் பைக் ஆளப் பத்தி திரும்பவும் கேட்டேன், "அவரு நம்ம ரெகுலர் ப்ரோ, நல்ல மனுஷன், அன்னைக்கு ஏதோ ஆயிடுச்சு" ன்னாரு. அடுத்த மாசத்துக்கு கட்டின அட்வான்ச திருப்பி கேட்டுருக்கேன். வருமான்னு தெரியல.

கிளம்பும்போது அந்த தாவி விழுந்த மார்ஷல தேடினேன். பிட் சுவத்துக்கிட்ட உக்காந்து கொடிங்கள எண்ணி சுருட்டி பைல வெச்சுட்டு இருந்தாரு, முழங்கையில சிராய்ப்பு, மண்ணு கூட சரியா கழுவல. அண்ணா அடி பலமாண்ணு கேட்டேன். இதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, செகப்பு ஒண்ணு குறையுது, அங்க போஸ்ட்லயே விட்டுட்டனா பாருன்னாரு. ரெண்டு பேரும் நடந்து போயி தேடினோம். டயருக்கு பின்னாடி கிடந்துச்சு.